ஈர ஆபீஸுக்குப் புது கெர்னல் வந்த கதை

திருச்சுழியில் தானிய ஈரப்பத நிர்ணய வாரியத்தின் வட்டக் கிளை அலுவலகம் இருக்கிறது. நெல்லில் ஈரம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதைத் தவிர அந்த வாரியத்துக்கு வேறு வேலை கிடையாது. அந்த ஒரு வேலைக்கு ஒரு தலைவர், நான்கு இணை இயக்குநர்கள், முப்பத்தெட்டுக் கிளைகள், சொந்தமாக ஒரு வாழ்த்துப்பாட்டு எல்லாம் உண்டு. மழையை எப்போதாவது பார்க்கிற இந்தச் சீமையில் ஈரத்தை அளக்கத் தனி ஆபீஸ் எதற்கு என்று கேட்கக் கூடாது. அரிய பொருளைத்தான் அளந்து வைக்க வேண்டும் என்று வாரியத்தின் ஆண்டறிக்கையில் போட்டிருக்கிறது. சனங்கள் அதை ஈர ஆபீஸ் என்பார்கள்.

ஈர ஆபீஸின் சீட்டு இல்லாமல் பக்கத்துக் களத்தில் இருக்கும் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். பதினேழு சதவீதத்துக்குள் ஈரம் இருந்தால் பச்சைச் சீட்டு. ஒரு புள்ளி கூடினாலும் சிவப்புச் சீட்டு. மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டியதுதான்.

தை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, நரிக்குடிப் பக்கத்திலிருந்து சந்தனம்மாள் ஐம்பத்து மூன்று மூட்டை நெல்லோடு டிராக்டரில் வந்து இறங்கினாள். நாலு வருடம் கழித்து அந்த வருடம்தான் அவர்கள் ஊர்க் கண்மாய் பெருகியது. நாலு வருடத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த நெல் என்பதால் மூட்டைகளை இறக்கும்போது யாராவது தொப்பென்று போட்டால்கூட அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அவள் மகன் ஜெயபாண்டியும் வந்திருந்தான். முப்பத்தொரு வயது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். என்ன வேலை என்று ஊரில் யார் கேட்டாலும் கம்ப்யூட்டர் என்று சொல்லி முடித்துக்கொள்வான். கேட்டவர்களும் பிரின்டர் ஓடவில்லை என்றால் அவனைக் கூப்பிடலாம் என்று மனதில் குறித்துக்கொள்வார்கள்.

அலுவலகத்தில் ஈரம் பார்க்கும் கருவி மேசைமேல் இருந்தது. ஒரு கைப்பிடி நெல்லைக் கிண்ணத்தில் போட்டு மூடியைத் திருகினால் கருவியின் நெற்றியில் உள்ள சின்னத் திரையில் எண் வரும். சந்தனம்மாள் கொண்டுவந்த நெல்லைப் போட்டதும் 15.2 என்று வந்தது. அவள் முகம் மலர்ந்துபோய் மூட்டையை நகர்த்தச் சொல்லத் திரும்பினாள். கிளை அலுவலர் ராஜகுரு கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது மிஷினோட சொந்த அபிப்பிராயம்மா. ஆபீஸோட அபிப்பிராயம் கம்ப்யூட்டர்ல வரணும்."

கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, பாதுகாப்புக் கருதி எல்லாக் கிளைகளிலும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றி, புதிய கெர்னல் போட்டுவிட்டு, கதவில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பழையதைத் துடைத்து எறிந்துவிட்டார்கள். அன்றிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கருவியைத் தெரியவில்லை. பத்து நாளாக யாருக்கும் சீட்டுக் கொடுக்கவில்லை. களத்தில் சந்தனம்மாளோடு சேர்த்துப் பதினோரு குடும்பத்து நெல் கிடந்தது.

கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் நிரல். வெளியிலிருந்து எந்தக் கருவியைச் சொருகினாலும் அதனிடம்தான் போய் நிற்க வேண்டும். கருவி சொல்வதைக் கெர்னலுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஒரு சின்ன நிரல் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். கெர்னல் புதிதாகும்போது பேச்சு வழக்கத்தை மாற்றிக்கொள்ளும். பழைய டிரைவர் வாசலில் நின்று கத்திக்கொண்டே இருக்கும், உள்ளே ஒரு காதிலும் விழாது. பழைய டிரைவரை எடுத்துப் புதிய கெர்னலுக்குத் தக்கபடி திருத்தி எழுதுவதுதான் ஜெயபாண்டியின் பிழைப்பு. பெங்களூரில் அவன் மாதத்துக்கு நாலைந்து செய்வான். இதுவரை எந்தக் கருவியையும் அவன் நேரில் பார்த்ததில்லை.

அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். டிரைவரின் மூல நிரல் இருந்தால் தானே பார்த்துச் சரி செய்து தருவதாகவும் காசு ஒன்றும் வேண்டாம் என்றும் சொன்னான். காசு வேண்டாம் என்றதும் ராஜகுருவுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் கண்காணிப்பாளர் ரேணுகாதேவி எழுந்துபோய் பீரோவைத் திறந்து, சிவப்பு நாடா கட்டிய ஒரு சிடியை எடுத்து வந்து கொடுத்தார். கருவி விற்ற கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. சிடி மட்டும் மஞ்சள் பூசிய மாதிரி பத்திரமாக இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தவன் நாலு மணிக்கு எழுந்தான். பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. நேரம் குறிக்கும் முறை மாறியிருந்தது. கெர்னலிடம் தன்னைப் பதிவு செய்யும் முறை மாறியிருந்தது. ஒரு சோதனை வசதி முன்பு மூன்று விவரம் கேட்கும், இப்போது இரண்டு போதும் என்றது. இன்னும் சில இடங்களில் யாருக்கும் பயன்படாத பழைய சங்கதிகள் கிடந்தன, அவற்றைத் தூக்கினான். மறுபடி கருவியைச் சொருகினான். சந்தனம்மாளின் நெல்லைப் போட்டார்கள். கருவியில் 15.2. கம்ப்யூட்டரில் 15.2. பிரின்டரிலிருந்து பச்சைச் சீட்டு மெதுவாக வெளியே வந்தது.

களத்திலிருந்த பதினோரு குடும்பமும் ஜன்னல் பக்கம் கூடிவிட்டது. சந்தனம்மாள் முந்தானையால் மகன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் அப்படிச் செய்ததில் அவனுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ரேணுகாதேவி அந்தச் சீட்டைக் கிழித்து எடுத்து, சோதனைச் சீட்டு செல்லாது என்று கோப்பில் வைத்தார். பிறகு என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டார். அவனும் வேலை சுத்தமாகச் செய்தவனுக்கே உரிய பெருமையோடு, இருநூற்றுப் பதினான்கு வரிகளை நீக்கித் தொண்ணூற்றாறு வரிகளைச் சேர்த்திருப்பதாகச் சொன்னான்.

"நீக்கிட்டீங்களா?" என்று கேட்டார் ரேணுகாதேவி.

அவர் மறுபடியும் பீரோவைத் திறந்து இருப்புப் பதிவேட்டை எடுத்து வந்தார். மேசை, நாற்காலி, மண்பானை, கருவி என்று வரிசையாகப் போய், கடைசியில் இப்படி எழுதியிருந்தது: மென்பொருள், எண்ணிக்கை ஒன்று, வரிகள் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு. பல வருடங்களுக்கு முன்னால் தணிக்கைக்கு வந்த ஒருவர், மென்பொருள் ஒன்று என்றால் அது எவ்வளவு பெரியது, பாதியை யாராவது தூக்கிப்போனால் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். அப்போதிருந்த கிளை அலுவலர் மூன்று நாள் லீவு நாளிலும் வந்து உட்கார்ந்து, நிரலை அச்செடுத்து வரி வரியாக எண்ணிப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார். அதற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதமும் வந்திருக்கிறது. ஆகவே திருச்சுழி கிளையில் இன்று மாலை நாலு மணி முதல் அரசுச் சொத்தில் இருநூற்றுப் பதினான்கு வரிகள் குறைகின்றன. சேர்த்த தொண்ணூற்றாறு வரிகள் எந்தக் கொள்முதல் ஆணையின்படி உள்ளே வந்தன என்பது தனிக் கேள்வி.

ராஜகுரு பழைய டிரைவரையே திரும்பப் போடச் சொன்னார். போட்டார்கள். கம்ப்யூட்டருக்குக் கருவி மறுபடி தெரியாமல் போனது. அலுவலகத்தில் நிம்மதி திரும்பியது.

அன்று சாயங்காலமே களத்தில் பேச்சு வந்தது. களத்தில் நெல் போட்டிருந்த பூமிநாதன் என்ற சம்சாரி, இவர்களை நம்பினால் நெல் முளைத்துவிடும், பாதி விலை என்றாலும் மறுநாள் அருப்புக்கோட்டை வியாபாரிக்கே போட்டுவிடப் போவதாகச் சொன்னார். லாரி வருகிறது, இடம் இருக்கிறது, நீங்களும் ஏற்றிவிடுங்கள் என்று சந்தனம்மாளையும் கூப்பிட்டார். அவள் மகனைப் பார்த்தாள்.

"ஏய்யா, என்ன சொல்ற? ஏத்திரலாமா?"

"வேலை முடிஞ்சிருச்சும்மா. இனிமே கையெழுத்து மட்டுந்தான். ரெண்டு நாள்ல ஆயிரும்."

சந்தனம்மாள் பூமிநாதனிடம் திரும்பி, "எம் மகன் சரி பண்ணிட்டான், நீங்க போங்கண்ணே" என்றாள். மறுநாள் எட்டுக் குடும்பம் லாரியில் ஏற்றிப் போனது. மற்ற இரண்டு குடும்பம் நாலாம் நாள் போனது. களத்தில் ஐம்பத்து மூன்று மூட்டை மட்டும் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. பக்கத்தில் சந்தனம்மாள், ஆடு விரட்ட ஒரு கம்போடு.

இருநூற்றுப் பதினான்கு வரிகளைப் பதிவேட்டிலிருந்து இறக்க வேண்டுமானால் அவற்றைக் கழிவு நீக்கம் செய்ய வேண்டும். அதற்கு மூவர் குழு பார்வையிட வேண்டும். எட்டாம் நாள் குழு கூடியது. ராஜகுரு தலைவர். கட்டடப் பிரிவு ஓவர்சீயர் ஓர் உறுப்பினர். மூன்றாவது உறுப்பினர் தொழில்நுட்பம் அறிந்த அரசு அலுவலராக இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், வட்டத்தில் அன்றைக்கு லீவில் இல்லாத ஒரே ஆளாகிய கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நீக்கிய வரிகளை ஆறு தாள்களில் அச்செடுத்து மேசையில் பரப்பி வைத்தார் ரேணுகாதேவி. ஓவர்சீயர் முதல் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரிசல் ஒன்றும் இல்லை என்றார்.

படிவத்தில் பழுதுக்குக் காரணம் என்ற கட்டத்தில் தேய்மானம், விபத்து, பணியாளர் கவனக்குறைவு என்று மூன்றுதான் இருந்தன. ஜெயபாண்டி தேய்மானம் என்றான். எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று ஓவர்சீயர் கேட்டார். கால்நடை மருத்துவர் நல்ல மனிதர். இதுக்கு முன்னால் இது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததா, திடீரென்று படுத்துவிட்டதா, பக்கத்திலிருக்கிற மற்ற வரிகளுக்கும் தொற்றியிருக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தார். தொற்றவில்லை என்று தெரிந்ததும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

தகராறு வந்தது மூன்று விவரம் கேட்ட அந்தச் சோதனை வசதியில். ஒரு நிரல் காட்டும் நினைவக இடத்தைத் தொடலாமா கூடாதா என்று பார்ப்பது அதன் வேலை. படிக்கவா எழுதவா, எந்த இடம், எவ்வளவு நீளம் என்று மூன்றும் கேட்கும். முதல் விவரத்தை அது வெகுகாலமாகவே வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் செய்வதில்லை, அதனால்தான் புதிய கெர்னலில் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று ஜெயபாண்டி விளக்கினான். ராஜகுருவின் முகம் மாறிவிட்டது. இருபத்தாறு வருடச் சர்வீஸில் அவரை இப்படி யாரும் புண்படுத்தியதில்லை.

"வாங்கி வச்சுக்கிட்டு ஒண்ணும் செய்யலைங்கிறதுக்காக வாங்குறதையே நிறுத்திர்றதா? தம்பி, இங்க நெல்லு கொண்டாற ஒவ்வொருத்தர்ட்டயும் ரேஷன் கார்டு நகலு வாங்குறோம். பட்டா நகலு வாங்குறோம். நெல்லோட நின்னு எடுத்த போட்டோ வாங்குறோம். ஒண்ணையாச்சும் திறந்து பாத்திருக்கமா? வாங்குறது பாக்குறதுக்கு இல்ல. கொடுத்துட்டுப் போறானா இல்லையான்னு தெரியணும்ல. இன்னைக்கு மூணு ரெண்டாச்சுன்னா, நாளைக்கு ரெண்டு ஒண்ணாகும். கடைசியில ஆளே வேண்டாம்பான்."

ரேணுகாதேவி இதைத் தலைவர் உரை என்று கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டார்.

இதற்குள் ஓவர்சீயர் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டார். முதல் நாள் ஜெயபாண்டி டிரைவரை ஏற்றியபோது கெர்னல் தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தது. வெளியிலிருந்து வந்த நிரலை ஏற்றியதால் தன் மீது கறை படிந்திருப்பதாக அது இங்கிலீஷில் சொன்னது. வழக்கமாக வரும் குறிப்புத்தான் அது. கெர்னலோடு சேர்ந்து பிறக்காத எந்த டிரைவர் போனாலும் அப்படி எழுதிவிட்டுத் தன்பாட்டுக்கு வேலை பார்க்கும். ஜெயபாண்டி அதைச் சொல்லி முடிப்பதற்குள் ராஜகுரு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கெர்னல் மேல் அவருக்கு முதல் முறையாக மரியாதை வந்தது.

"வெளியாளு வந்துட்டுப் போனா கறைன்னு எழுதி வைக்கிதே. இது நம்ம ஆபீஸுல பழகுன கெர்னலு."

கறை படிய யார் காரணம் என்று விளக்கம் கேட்டு ஜெயபாண்டிக்கு ஒரு குறிப்பாணை தயாரானது. அவன் வாரியத்தின் பணியாளன் அல்ல என்பதால் குறிப்பாணையை அவனுக்கு அனுப்ப முடியாது என்று ரேணுகாதேவி சுட்டிக்காட்டினார். ஆகவே கெர்னல் மீது கறை படிய அனுமதித்ததற்காகக் கம்ப்யூட்டரின் பொறுப்பாளர் என்ற முறையில் ரேணுகாதேவியே அதை வாங்கிக்கொண்டு, மறுநாள் தனக்குத் தானே விளக்கமும் எழுதிக் கோப்பில் வைத்தார். விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இதெல்லாம் தனக்குப் பழகாத காரியம் இல்லை என்று ஜெயபாண்டி முதலில் தன்னைத் தேற்றிக்கொண்டான். உலகம் முழுக்கச் சம்பளம் இல்லாமலும் சம்பளத்தோடும் கெர்னல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு திருத்தத்தை அனுப்பினால், வரியின் கடைசியில் காலியாக ஓர் இடம் விட்டிருந்தால்கூடத் திருப்பி அனுப்புவார்கள். அவர்களிடம் பதினோரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டு பன்னிரண்டாவது தடவை பாஸ் ஆனவன் அவன். ஆனால் அவர்கள் எது தப்பு என்று சொல்லிவிடுவார்கள். இங்கே எதுவும் தப்பில்லை என்றார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம், ஆனால் நடக்காதாம்.

தினமும் காலையில் சந்தனம்மாள் ஒரு கைப்பிடி நெல்லை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருவாள். ரேணுகாதேவி ராஜகுரு வருவதற்கு முன்னால் கருவியைப் போட்டுக் காட்டுவார். பனி இறங்கும் காலம். ஒரு நாள் 15.9. ஒரு நாள் 16.4. எண் ஏறினால் சந்தனம்மாள் மூட்டைகளை அவிழ்த்துக் களத்தில் கொட்டி, வெயிலில் காலால் துழாவிக் காயப்போட்டு, சாயங்காலம் திரும்ப அள்ளிக் கட்டுவாள். மறுநாள் மறுபடி 15.5. ஐம்பத்து மூன்று மூட்டையை அள்ளிக் கொட்டி அவள் கை காய்த்துப்போனது. வேலையை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே ஜெயபாண்டியும் கூட அள்ளினான். பெங்களூர் மேனேஜர் ஒரு நாள் வீடியோவில் அவன் பின்னால் நெல் பரப்பியிருப்பதைப் பார்த்து எந்தக் கடற்கரை என்று கேட்டார்.

"இன்னைக்காச்சும் ஆயிருமாய்யா?" என்று கேட்பாள். அவன் ஆகிவிடும் என்பான். மூன்றாவது வாரத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது அவனுக்குக் கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கழிவு நீக்கம் செய்த அரசுச் சொத்தைச் சும்மா எறிய முடியாது, ஏலம் விட வேண்டும். அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பயன்படுத்திய நிரல் வரிகள், இருநூற்றுப் பதினான்கு, உள்ளது உள்ளபடி, எங்கே எப்படி இருக்கிறதோ அந்த நிலையில். பதினைந்தாம் நாள் காலை அருப்புக்கோட்டையிலிருந்து பழைய இரும்புக் கடை ராமசுப்பு லோடு ஆட்டோவில் வந்தார். வரிகள் என்றதும் ஏதோ கம்பி வரிகள் என்று அவர் நினைக்கவில்லை. இருபது வருடமாக அரசு ஏலம் எடுக்கிறவர், ஏலத்தில் என்ன பொருள் என்று கேட்கிற பழக்கத்தையே விட்டுவிட்டவர். போன வருடம் ஓர் அலுவலகத்தில் அவர் கிணற்றுத் தண்ணீரை ஏலம் எடுத்திருக்கிறார்.

ஏலத்துக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ராமசுப்பு ஒருவர். டீக்கடைக்காரரை இழுத்து வந்தார்கள், இரண்டு. மூன்றாவதாக ஜெயபாண்டி தானே நின்றான். ராமசுப்பு ஆறு தாளையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு பத்து ரூபாய் என்றார். டீக்கடைக்காரர் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. முடிந்தது என்று ஜெயபாண்டி எழுந்தபோது, பொருளை முழுமையாக ஒப்படைக்க வேண்டும், தாள் வெறும் நகல்தான் என்றார் ரேணுகாதேவி. அசல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ராமசுப்புவின் போனுக்கு அந்த வரிகளை அனுப்பினார்கள். அவர் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தார். வாங்கிய வரிகளைக் கொண்டு வேறு எங்கும் ஈரம் அளக்க மாட்டேன் என்று ஓர் உறுதிமொழியும் கொடுத்தார்.

வெளியே வந்தபோது ராமசுப்பு ஜெயபாண்டியின் தோளில் கை போட்டார். தனக்கும் மல்லாங்கிணறு பக்கம் ரெண்டு ஏக்கர் மானாவாரிக் காடு இருப்பதாகவும் கொத்தமல்லி போட்டிருப்பதாகவும் சொன்னார்.

"அந்த நெல்லு ஒங்களுதா தம்பி? பேசாம ஏத்திருங்க. நான் லோடு ஆட்டோ தாரேன். வானம் ஒரு மாதிரி இருக்கு."

வானம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் ஏலம் முடிந்துவிட்டது, இனி மண்டல இணை இயக்குநரின் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி என்று ராஜகுருவே அன்றைக்குச் சொல்லியிருந்தார். பதினைந்து நாள் பொறுத்தாகிவிட்டது. இப்போது ஏற்றினால் இத்தனை நாள் காத்திருந்ததும் அவ்வளவு நெல்லை அள்ளிக் கொட்டியதும் வீண் என்று ஜெயபாண்டிக்குத் தோன்றியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உண்மையைச் சொன்னால், டிரைவர் ஓடுவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. அதை அவன் பிற்பாடுதான் ஒப்புக்கொண்டான்.

ஒப்புதல் பதினெட்டாம் நாள் வந்தது. இதை ஏதோ ஒரு கிளையில் சத்தமில்லாமல் போட்டுவிடக் கூடாது, மாநிலத்திலேயே முதல் முறையாகப் புதிய கெர்னலில் கருவி இயங்கப் போவதால் தானே வந்து தொடங்கி வைப்பதாக இணை இயக்குநர் இன்பராஜ் எழுதியிருந்தார். அவருக்கு வியாழக்கிழமைதான் தோது. பந்தலுக்குச் சொன்னார்கள். ஃபிளெக்ஸ் அடித்தார்கள். ஃபிளெக்ஸில் கருவியின் படத்தைவிட இணை இயக்குநரின் படம் பெரிதாக இருந்தது, கெர்னலுக்குப் படம் கிடைக்காததால் ஒரு சிப்பின் படம் போட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை வந்தது.

மாசியில் மழை வரக் கூடாது. ஆனால் வந்த மழையைத் திட்ட இந்தப் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. வருடம் முழுக்க வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள், அது வந்து நின்ற பிறகு ஏன் வந்தாய் என்று எப்படிக் கேட்பார்கள்? சந்தனம்மாள் தார்ப்பாயின் ஒரு முனையை மிதித்துக்கொண்டு மறு முனையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயபாண்டி எதிர்ப்பக்கம் நின்றான். காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அடித்தது. களம் மேடு இல்லை, தண்ணீர் ஓடி வந்து அடி மூட்டைகளில் ஏறியது. பந்தலுக்கு வந்திருந்த தகரத்தில் நாலு தாருங்கள், மூட்டைமேல் போட்டுக்கொள்கிறோம் என்று ஜெயபாண்டி ஓடிப்போய்க் கேட்டான். அது விழாவுக்கான பொருள், விழா முடிந்தபிறகு மனுக் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. சந்தனம்மாள் மழையை ஒன்றும் சொல்லவில்லை. ஈர ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்த்து, அவர்கள் பரம்பரையில் மூன்று தலைமுறைக்குப் போதுமான வசவை நிதானமாக வைது முடித்தாள். மழை இரண்டரை மணி நேரம் பெய்தது. புதன்கிழமையும் தூறியது.

வியாழக்கிழமை காலை விழா. வாரியத்தின் வாழ்த்துப்பாட்டு ஒலித்தது. இன்பராஜ் பேசினார்.

"இந்தக் கருவி இயங்காமல் இருந்த முப்பத்தைந்து நாட்களில், இந்தக் கிளையில் ஒரு தவறான அளவீடுகூடப் பதிவாகவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு விவசாயியிடமிருந்துகூடப் புகார் வரவில்லை. புகார் கொடுக்க விவசாயிகளே இல்லாத ஒரு களத்தை உருவாக்கியிருக்கிறோம். இது நம் அனைவரின் கூட்டு முயற்சிக்குக் கிடைத்த வெற்றி. எதிர்காலத்தில் எல்லாக் கிளைகளும் திருச்சுழியைப் பின்பற்ற வேண்டும்."

கைதட்டினார்கள். கருவியைத் தொடங்கி வைக்கக் கொஞ்சம் நெல் வேண்டும். ராஜகுரு களத்தைப் பார்த்தார், பிறகு வேண்டாம் என்று முடிவு செய்து கடைக்கு ஆள் அனுப்பினார். கடையில் நெல் கிடைக்காது என்பதால் ஒரு கிலோ அரிசிப் பாக்கெட் வந்தது. இணை இயக்குநர் ஒரு கைப்பிடி அரிசியைக் கிண்ணத்தில் போட்டு மூடியைத் திருகினார். 12.8. கம்ப்யூட்டரிலும் 12.8. ஜெயபாண்டியின் தொண்ணூற்றாறு வரிகள் அச்சுப் பிசகாமல் ஓடின. பச்சைச் சீட்டு வந்தது. கடை அரிசி தரமானது என்று வாரியம் சான்றளித்தது. ஜெயபாண்டிக்குச் சால்வை போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதில் அவன் பெயரை ஜெயபாண்டியன் என்று அடித்திருந்தார்கள்.

சால்வையோடு அவன் திரும்பியபோது சந்தனம்மாள் வாசலில் நின்றாள். கையில் நெல். மூட்டையின் நடுவிலிருந்து, நனைந்தது குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. விழாக் கூட்டம் விலகி வழி விட்டது. மகன் சரி செய்த கருவி என்று எல்லோருக்கும் தெரியும்.

ரேணுகாதேவி அந்த நெல்லைக் கிண்ணத்தில் போட்டார்.

கருவியில் எண் வருவதற்கு நாலைந்து வினாடி ஆகும். அந்த நேரத்தில் ஜெயபாண்டி ஒன்றை நினைத்தான். எண் கருவியிலிருந்து வந்து, அவன் எழுதிய டிரைவர் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குப் போகிறது. நடுவில் ஒரே ஒரு வரி போதும். வருகிற எண்ணில் பன்னிரண்டைக் கழித்துவிட்டு அனுப்பு என்று ஒரு வரி. இந்த ஆபீஸில் யாருக்கும் தெரியப் போவதில்லை. கை லேப்டாப் பையின் மேல் போனது. பிறகுதான் அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று ஞாபகம் வந்தது. கொள்முதல் ஆணை, மூவர் குழு, ஒப்புதல், பந்தல். இருபத்தைந்து நாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அப்படி எழுத மனமும் வந்திருக்காது என்று இப்போது அவன் சொல்லிக்கொள்கிறான். எனக்கு அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

கருவியில் 28.6. கம்ப்யூட்டரில் 28.6.

"பாத்தீகளா சார், புள்ளி அளவுக்குக்கூட வித்தியாசம் இல்ல" என்று ராஜகுரு இணை இயக்குநரிடம் காட்டினார். இணை இயக்குநர் மிகவும் திருப்தி அடைந்தார். சிவப்புச் சீட்டு வெளியே வந்தது. ரேணுகாதேவி அதைக் கிழித்து, யார் முகத்தையும் பார்க்காமல் சந்தனம்மாளிடம் நீட்டினார்.

சந்தனம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, எண் படிப்பாள். சீட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தாள். பிறகு கருவியின் நெற்றியைப் பார்த்தாள். பிறகு மகனை.

"இது நீ எழுதுனதுதானய்யா?"

"ஆமாம்மா."

"அப்பச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். டிராக்டர்காரருக்குப் போன் போடச் சொல்லிவிட்டுக் களத்தைப் பார்த்து நடந்தாள்.